மீதி இரண்டு கைகள்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தச்சர் முதலில் கைகளைத்தான் கவனிப்பார்; வயிறு அப்புறம். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் ஒற்றியெடுத்து, சமையலறை ஜன்னலோர முக்காலியில் உட்காருவார். கிண்ணத்தில் வெதுவெதுப்பாக எண்ணெய் இருக்கும். வலது கை முதலில். கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனிக்கு, தூங்கும் குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல, மெல்ல உருவிவிடுவார். நகக்கண்ணில் மரத்தூள் ஒட்டியிருக்கிறதா என்று விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். உள்ளங்கைக் காய்ப்புகளை, நாற்காலிக்குக்கூட உதவாதபடி நைந்துபோன உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்ப்பார். கடைசியில் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, பத்து எண்ணும்வரை அசையாமல் வைத்திருப்பார். அசையவில்லை என்றால் அது நல்ல நாள்.

"போதும், மணப்பொண்ணே தோத்துடுவா. சாப்பிட வாங்க" என்பாள் மனைவி.

தச்சருக்கு வேலை அரசுத் தொலைக்காட்சி நிலையத்தில். சினிமா இல்லை, தொடர் இல்லை, சண்டை இல்லை. அறிவியல், சுற்றுச்சூழல், சங்கீதம் மூன்றுதான். மூன்றுக்கும் சேர்த்து ஒரே அரங்கம், ஒரே தச்சர். செவ்வாய்க்கிழமை காடாக நிற்கும் பலகையைத் திருப்பினால் வியாழக்கிழமை கச்சேரி மேடையின் நீலத்திரை. ஒருமுறை அவசரத்தில் ஒரு பலகையைத் திருப்ப மறந்து, ஒரு வித்வான் மணிக்கணக்கில் உருகி உருகி வாசித்தபோது அவர் தோளுக்குப் பின்னால் ஒரு சிறுத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சிறுத்தைக்கும் இசை பிடிக்கும் என்பதை உணர்த்தியதற்கு நன்றி என்று நான்கு கடிதங்கள் வந்தன.

மாமனாருக்கு இந்த வேலைமேல் ஒரு தீராத வழக்கு. அவர் தையற்காரர். கடைத்தெரு முனையில் ஒரு மெஷின், ஒரு பெஞ்சு, மேலே மரத்தட்டில் ஒரு பழைய டிவி. அந்தப் பெஞ்சில் உட்காராத வாய் அந்த வட்டாரத்தில் இல்லை. அங்கே காலையில் ஒரு செய்தி போனால் மத்தியானம் பித்தான் தைத்து, சாயங்காலம் இஸ்திரி போட்டு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு வரும்போது அவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வழக்கைத் தொடங்கிவிடுவார்.

"டிவியில வேலைன்னு சொல்லித்தானே பொண்ணு கேட்டீங்க, மாப்பிள்ளை? பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு நாளாவது மூஞ்சியக் காணோமே!"

"நான் பலகை அடிக்கிறவன், மாமா. பலகை தெரியுதுல்ல?"

"பலகை தெரியுது. பலகைக்கா என் பொண்ணைக் கொடுத்தேன்?"

"அப்பா, சும்மா இருங்க" என்று மகள் உள்ளிருந்து குரல் கொடுப்பாள்.

"நான் என்னம்மா தப்பாச் சொல்லிட்டேன்? கல்யாணச் சட்டைக்கு அளவு எடுத்தப்பவே பார்த்தேன். ரம்பம் இழுத்து இழுத்து வலது கை அரை இஞ்சு நீளம். நான் யார்கிட்டயாவது சொன்னேனா? மாப்பிள்ளைக்குக் கை நீளம்னு சொன்னா ஊரு என்ன நினைக்கும்?"

சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். எண்ணெய்க் கிண்ணம் அவர் கண்ணில் படாமல் மகள் அதை அரிசி டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவிடுவாள்.

ஏனென்றால் தச்சர் டிவியில் வந்துகொண்டுதான் இருந்தார். வாரம் தவறாமல், நான்கு வருஷமாக. மணிக்கட்டு வரைக்கும்.

அது தொடங்கியது இப்படி. அறிவியல் நிகழ்ச்சி நடத்தப் பேராசிரியர் ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர், பேச ஆரம்பித்தால் கல்லும் காது கொடுக்கும். ஆனால் கை நடுங்கும். முதல் நாள் படப்பிடிப்பில் ஒரு குடுவையிலிருந்து இன்னொன்றுக்கு நீல நீரை ஊற்றவேண்டும். இரண்டு குடுவையும் குளிரில் பல் தந்தியடிப்பதுபோல ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. மூன்றாவது முயற்சியில் ஒன்று உடைந்தது. மேசைக்கால் ஆடுகிறதோ என்று கீழே குனிந்து ஆப்பு வைத்துக்கொண்டிருந்த தச்சர், எழுந்து, "நான் ஊத்தட்டுங்களா, ஐயா?" என்றார். ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். தயாரிப்பாளரம்மா கேமராக்காரரைப் பார்த்தார். கேமராக்காரர் லென்ஸைக் கைகளின்மேல் கொண்டுபோனார். அவ்வளவுதான். அன்றிலிருந்து முகம் வருகிறபோது பேராசிரியர். கை வருகிறபோது தச்சர். இரண்டு பேருக்கும் ஒரே துணியில் வெள்ளைக் கோட்டு. பேராசிரியரின் கடிகாரம் நாள் முழுக்க மணிக்கட்டு மாறிக்கொண்டிருக்கும்.

மூன்று பேருக்கு மட்டும் விஷயம் தெரியும்: தயாரிப்பாளரம்மா, கேமராக்காரர், உடைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. அவர்கள் தங்களுக்குள் தச்சரைக் 'கையண்ணன்' என்று கூப்பிட்டார்கள். வெளியே மூச்சு விடக்கூடாது என்பது பேராசிரியர் கேட்டுக்கொண்டது.

"வெட்கத்துக்காகச் சொல்லல, தம்பி. நடுங்குற கைன்னு தெரிஞ்சுட்டா, ஜனங்க கையைத்தான் பார்ப்பாங்க. குடுவைக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்க்கமாட்டாங்க. இது ஒண்ணுதான் எனக்கு மிச்சம்."

தச்சர் தலையாட்டினார். மனைவியிடம் ஒரு வாரம் மறைத்தார்; எட்டாம் நாள் அவள் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டதும் சொல்லிவிட்டார். மாமனாரிடம் மட்டும் சொல்லவே இல்லை. பெஞ்சு இருக்கிறதே!

இருநூறாவது நிகழ்ச்சி வந்தது. நிலையத் தலைவர் புதிதாக மாற்றலாகி வந்தவர். சுறுசுறுப்பு அவருக்கு ஒரு நோய் மாதிரி. இருநூறாவதை நேரடி ஒளிபரப்பாகச் செய்யவேண்டும், மூன்று பிரிவும் சேர்ந்து செய்யவேண்டும், தலைப்பு 'ஒலி' என்று உத்தரவு போட்டார். தவளை ஏன் கத்துகிறது என்று சுற்றுச்சூழல்காரர்கள் ஐந்து நிமிஷம் படம் காட்டுவார்கள். பாடகி ஒருவர் பாடுவார். பேராசிரியர் சோதனைகள் செய்வார். வெட்டு, ஒட்டு எதுவும் கிடையாது. ஒரே கேமரா மேசைக்கு எதிரே, முகமும் கையும் சேர்ந்து தெரியும்படி.

"பேராசிரியருக்கு வேண்டாம்னா சொல்லிடச் சொல்லுங்க" என்று தலைவர் தயாரிப்பாளரம்மாவிடம் சொன்னாராம். "இளம் ஆள் ஒருத்தர் தயாரா இருக்கார். நல்லா சிரிக்கிறார்."

அன்று மாலை கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து பேரும் அரங்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியர் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தார், குளிரில் இருக்கும் பள்ளிப்பிள்ளை மாதிரி.

"சரி, சிரிக்கிறவரே செய்யட்டும்" என்றார்.

தச்சர் அவரைப் பார்க்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாற்காலி முதுகு இன்னும் ரெண்டடி உசரமா இருந்தா" என்றார் மெதுவாக, "பின்னால ஒரு ஆள் உட்காரலாம்."

கேமராக்காரர் சட்டென்று திரும்பினார். "யோவ் கையண்ணா! சின்னப்பசங்க விளையாடுவாங்களே, ஒருத்தன் முன்னால, ஒருத்தன் பின்னால, பின்னால இருக்கிறவன் கை..."

"அதேதான்."

"நேரடி ஒளிபரப்புலயா?" என்றார் தயாரிப்பாளரம்மா. அவர் குரலில் பயம் பாதி. மீதி என்ன என்பது முகத்தில் தெரிந்தது. முதலில் சிரித்தது பேராசிரியர்தான்.

தச்சர் இரண்டு நாளில் நாற்காலியைச் செய்தார். நீதிபதிக்குப் போட்டாலும் பொருந்தும் உயரமான முதுகு, பின்னால் இருப்பவர் பக்கவாட்டிலும் தெரியாதபடி இருபுறமும் பலகை மறைப்பு. அதில் அக்குள் உயரத்தில் இரண்டு ஜன்னல். பேராசிரியர் முன்னால் உட்காருவார். தச்சர் பின்னால் பெட்டிமேல் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கைகளை நுழைத்து, பேராசிரியரின் கோட்டுக் கைக்குள் விடுவார். எதிரே எதுவும் தெரியாது என்பதால் பக்கத்தில் ஒரு சின்ன டிவி. தன் கையைத் தானே டிவியில் பார்த்துத்தான் வேலை செய்யவேண்டும்.

அங்கேதான் இரண்டு சிக்கல்கள் முளைத்தன.

முதலாவது, டிவியில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் இருந்தது. தச்சர் கையை வலப்பக்கம் நகர்த்தினால் திரையில் அது இடப்பக்கம் போனது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்: கண்ணாடிக் கோப்பைகள் ஏழு, தண்ணீர்க் கிண்ணம், உலோகத் தகடு, வயலின் வில் எல்லாவற்றுக்கும் மேசையில் குழி தோண்டி இடம் நிர்ணயித்தார். எது எங்கே என்று கைக்கு மனப்பாடம். டிவி சும்மா தைரியத்துக்கு.

இரண்டாவது சிக்கலுக்குத்தான் வழியில்லை. பேராசிரியரின் சொந்தக் கைகளை எங்கே வைப்பது? முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டால், அங்கே நடுங்கி, கோட்டின் தோளெல்லாம் உதறியது. "டிவியில பார்த்தா ஐயாவுக்கு ஜுரம்னு மாத்திரை அனுப்புவாங்க" என்றார் கேமராக்காரர். துணியால் கட்டிப் பார்த்தார்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதே பேராசிரியரின் முகம் போன போக்கைப் பார்த்துத் தச்சர் முடிச்சை அவிழ்த்துவிட்டார். அன்று வீட்டில் கைகளை நீட்டிப் பத்து எண்ணியபோது ஆறிலேயே விரல் அசைந்தது.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"நாளன்னைக்கு என் கை தப்புப் பண்ணுனா, போறது அவர் வேலை."

அவள் எண்ணெயை இன்னொரு தரம் சூடுபண்ணி எடுத்துவந்தாள்.

மறுநாள் புதுக் கோட்டு வந்தது. உடைக்கார அக்கா அளவுகளைச் சீட்டில் எழுதித் துணிக்கடையில் கொடுப்பார். கடைக்காரர் எந்தத் தையற்காரருக்கு அனுப்புவார் என்பது அக்காவுக்கே தெரியாது. இந்த முறை சீட்டு விசித்திரமாக இருந்தது: மார்பளவு பேராசிரியருடையது, கைநீளம் தச்சருடையது, முதுகு நடுவில் திறந்திருக்கவேண்டும். பேராசிரியர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தச்சர் பின்னாலிருந்து கைகளை நுழைத்தார். வழுக்கிக்கொண்டு போயின, சட்டைக்கை மணிக்கட்டில் கச்சிதமாக நின்றது.

"அடடே" என்றார் பேராசிரியர்.

"இறுக்குதுங்களா?"

"இல்ல தம்பி. இங்க... உள்ள ஏதோ இருக்கு."

முதுகுத் துணியின் இரண்டு பாதியிலும், உள்பக்கமாக, இடுப்பை ஒட்டி, ஒவ்வொரு பை. உள்ளே மெத்தென்று கம்பளித்துணி. பேராசிரியர் தன் கைகளை அவற்றுக்குள் விட்டிருந்தார். கூட்டுக்குள் போன குருவிகள் மாதிரி அவை அடங்கிப்போயிருந்தன. தோள் உதறவில்லை.

"இது யார் வைக்கச் சொன்னது, அக்கா?" என்றார் தச்சர்.

"சத்தியமா நான் இல்ல" என்றார் உடைக்கார அக்கா. "வேற யாரோட கோட்டோ நினைச்சுத் தெச்சுட்டார் போல. திருப்பிக் கொடுத்துடட்டா?"

"ஐயோ, வாயைக் கழுவுங்க!" என்றார்கள் நான்கு பேரும் ஒரே குரலில்.

அந்த நாளும் வந்தது. மாலை ஆறரை. தலைவர் தன் அறையில் விருந்தினர்களோடு டிவி முன்னால். தவளைகள் ஐந்து நிமிஷம் கத்தி ஓய்ந்தன. விளக்கு மாறியது, நீதிபதி நாற்காலியில் பேராசிரியர். சீக்கிரமே தச்சருக்கு ஒரு விஷயம் புரிந்தது: பேராசிரியர் பேசும்போது கை சும்மா இருக்கக்கூடாது. அவர் "பெரிய அலை" என்றால் விரிந்தது. "சின்ன அலை" என்றால் குவிந்தது. "நீங்க கேட்கலாம்" என்றபோது விரல் தானாகவே கேமராவை நோக்கி நீண்டது. நான்கு வருஷம் அவர் பேச்சைக் கேட்ட கைகள் அல்லவா!

ஈரவிரலால் கோப்பை விளிம்பைச் சுற்றியபோது கோப்பை பாடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாடகி அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆலாபனையை இழுத்தார். ஏழு கோப்பையும் ஏழு சுரம். கேமராக்காரரின் மீசை சந்தோஷத்தில் ஒருபக்கம் ஏறியிருந்தது.

அடுத்தது தகடு. நடுவில் திருகாணி போட்டு நிறுத்திய சதுரத் தகட்டின்மேல் மெல்லிய மணலைத் தூவவேண்டும். தச்சர் தூவினார். மின்விசிறி அதில் ஒரு சிட்டிகையை எடுத்துப் பேராசிரியரின் மூக்குக்கு அனுப்பியது.

பேராசிரியர் பேசிக்கொண்டே மூக்கைச் சுருக்கினார். மறுபடி சுருக்கினார். அவருடைய கைகளோ பைக்குள். "தம்பி" என்று உதடு அசையாமல் முனகினார், "மூக்கு!"

மூக்குக்கு மேசையில் குழி தோண்டி வைக்கவில்லை. தச்சர் வலது கையை உயர்த்தினார். திரையில் பார்த்தார், கை மூக்குக்கு இடப்பக்கம் நின்றது. வலப்பக்கம் தள்ளினார். அது இன்னும் இடப்பக்கம் போனது. இன்னும் தள்ளினார். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பேராசிரியரின் கை அவருடைய காதைத் தடவி, கண்ணாடிக் காம்பில் மாட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அங்கேயே திகைத்து நின்றது.

தயாரிப்பாளரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

பேராசிரியர் ஒரு தும்மல் போட்டார். பிறகு, நெற்றியில் கண்ணாடியோடு, கேமராவை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"பார்த்தீங்களா? கொஞ்ச வருஷமாவே என் கை என் பேச்சைக் கேக்கிறதில்ல."

பாடகிதான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், சுருதிப்பெட்டிமேல் கவிழ்ந்தார். அடுத்து அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பின் மறைவில் தச்சர் கையை மெல்ல மேசைக்கு இறக்கினார். இன்னும் தகடு பாக்கி. வில்லை ஒரே இழுப்பில், அழுத்தம் மாறாமல் இழுக்காவிட்டால் மணல் அசையாது. கிரீச்சென்று அழுதுவிட்டு நின்றுவிடும். திரையைப் பார்த்தார். திரையில் இடம் வலமாக இருந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இடது விரல் தகட்டின் ஓரத்தைத் தேடிப் போய்த் தொட்டது. ஓரம் என்பது தச்சனுக்குச் சொல்லித்தரவேண்டிய விஷயமா? பலகையின் ஓரம், தகட்டின் ஓரம், எல்லா ஓரமும் விரலுக்கு உறவுதான். வலது கை வில்லை எடுத்து விளிம்பில் வைத்தது. இழைப்புளி பிடிக்கும் அதே பிடி. மேலிருந்து கீழே, ஒரே இழுப்பு.

தகடு பாடியது. மணல் துள்ளிற்று. துள்ளிய மணலெல்லாம் ஒன்றையொன்று தேடி ஓடிக் கோடுகளாகச் சேர்ந்து, ஒரு நொடியில், யாரோ அளந்து வரைந்த கோலம்போல நின்றது. "ஆ!" என்றார் பாடகி. அவர் நடிக்கவில்லை. விரலை நகர்த்தி மறுபடி இழுத்தபோது வேறொரு கோலம். ஊரில் டிவி இருந்த வீடெல்லாம் அதைப் பார்த்தது. பார்க்காதவர் ஒருவர்தான், அவர் நாற்காலிக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

தலைவர் இறங்கி வந்து பேராசிரியரைத் தோளில் தட்டினார். "கண்ணாடி காமெடி பிரமாதம்! இதையெல்லாம் சிரிக்கிற பையனால செய்ய முடியுமா? இன்னொரு இருநூறு நீங்கதான் செய்யணும்." கை குலுக்கத் தன் கையை நீட்டினார். பேராசிரியரின் கைகள் இன்னும் பைக்குள்தான் இருந்தன. கோட்டுக் கையிலிருந்து தச்சரின் கை நீண்டு, உறுதியாக, மரியாதையாக, தலைவரின் கையைக் குலுக்கியது.

"என்ன பிடி!" என்றார் தலைவர்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார்.

"பார்த்தீங்களா மாப்பிள்ளை, அந்தப் பேராசிரியரை? இத்தனை வயசுல காதுக்கும் மூக்குக்கும் வித்தியாசம் தெரியல, பாவம்."

"ஆமாங்க மாமா. பாவம்."

"ஆனா அந்த மணல்ல கோலம் போட்டாரே, அது வேலை! பெஞ்சுல ஒரு பய வாயைத் திறக்கல. அந்த மாதிரி ஒரு கை இருந்தா, மூஞ்சி எதுக்கு?" சொல்லிவிட்டுச் செருப்பை வரிசையாக வைத்தார். உடனே நினைவு வந்தவர்போலச் சேர்த்துக்கொண்டார்: "உங்க மூஞ்சிதான் இந்த வாரமும் வரல."

உள்ளே மகள் எண்ணெய்க் கிண்ணத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது.

இரண்டு வருஷம் கழித்து மாமனார் எதிர்ப்பக்கத்தில் பெரிய கடைக்கு மாறினார். அலமாரி அடித்துக்கொடுக்கத் தச்சர் போனார். பழைய அளவுப் புத்தகங்களை வருஷவாரியாக அடுக்கும்போது ஒன்று கைதவறி விழுந்து திறந்துகொண்டது. வெள்ளைக் கோட்டு இரண்டு, டிவி நிலையம், தேதி நிகழ்ச்சி தொடங்கிய மாதம். முதல் கோட்டுக்கு அளவுகள் எல்லாம் வரிசையாக இருந்தன. இரண்டாவதில் வலது கை அரை இஞ்சு கூடுதல் என்பதன் கீழே கோடு போட்டு, பக்கத்தில் 'நம்ம மாப்பிள்ளை' என்று எழுதியிருந்தது. தச்சர் நின்றபடியே பக்கங்களைத் தள்ளி, வேறொரு புத்தகத்தை எடுத்து, இருநூறாவது நிகழ்ச்சியின் வாரத்தைத் தேடினார். அங்கே பென்சிலில் இருந்தது: 'கோட்டு ஒன்று. உடம்பு ஒருத்தர், கை நம்மவர். மீதி இரண்டு கைகளுக்கு உள்ளே பை.'